வணங்கிய ஈச்ச மரம்
ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸின் வாழ்விலிருந்து

இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ஃபரீத்பூருக்கு அருகே ஓர் ஈச்ச மரம் இருந்தது. புயலில் சிக்கிச் சாய்ந்து போன மரம் அது. அந்தி வேளையில் கோயில் மணி ஒலிக்கும் நேரத்தில் அது தலை தாழ்த்தி, ஓலை நுனிகள் மண்ணில் படியும்படி பணிந்து கிடக்கும். காலையில் பார்த்தால் மீண்டும் தலை நிமிர்ந்து நிற்கும். நாள்தோறும் இது தவறாமல் நிகழ்ந்தது. மரம் இறைவனைத் தொழுகிறது என்று மக்கள் கருதினர். தொலைவிலிருந்தும் வந்து மரத்தடியில் காணிக்கை செலுத்தினர். நோய் தீர வேண்டிக்கொண்டவர்களும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் இந்தச் செய்தி கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸின் செவிக்கு எட்டியது. அப்போது அவர் உலகறிந்த விஞ்ஞானி. மூடநம்பிக்கை என்று ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. மரம் உண்மையில் அசைகிறதா, அசைந்தால் எப்போது, எவ்வளவு, எதனால் என்று அறிய விரும்பினார். மரத்தில் ஒரு பதிவுக் கருவியைப் பொருத்த அனுமதி வேண்டினார்.

மரத்தின் உரிமையாளர் தயங்கினார். அந்நியக் கருவி தீண்டினால் மரத்தின் மகிமை போய்விடுமோ என்பது அவருடைய அச்சம். போஸ் அந்த அச்சத்தை எள்ளி நகையாடவில்லை. கருவி தமது ஆய்வுக்கூடத்தில் இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்றும், அதை மரத்தில் பொருத்தப் போகிறவர் தம் உதவியாளருள் ஒருவர், புரோகிதர் ஒருவரின் மகன் என்றும் எடுத்துரைத்தார். உரிமையாளர் இசைந்தார். கருவி பொருத்தப்பட்டது.

ஃபரீத்பூர்ச் சிறுவன்

போஸுக்கு ஃபரீத்பூர் புதிய ஊர் அன்று. 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்த அவர், பிள்ளைப் பருவத்தைக் கழித்தது அங்கேதான். தந்தை பகவான் சந்திர போஸ் அங்கு துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றினார். அவர் தண்டித்துச் சிறைக்கு அனுப்பிய கொள்ளைக்காரன் ஒருவன் விடுதலையாகி வந்து, பிழைக்க வழியில்லை என்று அவரிடமே முறையிட்டான். அவர் அவனைத் தம் வீட்டிலேயே வேலைக்கு அமர்த்தினார். சிறுவன் ஜகதீசனைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டு சென்றவன் அவன்தான். வழியெல்லாம் தன் பழைய சாகசங்களைக் கதையாகச் சொல்லுவான்.

அந்நாளில் அரசு அதிகாரிகள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கே அனுப்பினர். பகவான் சந்திரர் மகனை வங்காளப் பாடசாலைக்கு அனுப்பினார். அங்கே மீனவர் வீட்டுப் பிள்ளையும், தந்தையிடம் ஊழியம் செய்த முஸ்லிம் பணியாளரின் மகனும் அவனுக்கு இருபுறமும் அமர்ந்திருந்தனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை அறியும் ஆவலைத் தமக்குள் விதைத்தன என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பள்ளி விட்டு வீடு திரும்பும்போது அந்தத் தோழர்களையும் உடன் அழைத்து வருவான். தாய் பாமசுந்தரி தேவி வேற்றுமை பாராது அனைவருக்கும் உணவளிப்பார்.

பிறகு கல்கத்தாவில் புனித சவேரியார் கல்லூரி. அங்கே ஃபாதர் லாஃபான் என்ற பாதிரியார் இயற்பியலைச் செய்முறைகளால் கற்பித்தார். 1880இல் மருத்துவம் பயில லண்டன் சென்ற போஸ், ஓயாத காய்ச்சலால் அதைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். இயற்பியலில் ராலே பிரபு, தாவரவியலில் சிட்னி வைன்ஸ், ஃபிரான்சிஸ் டார்வின் ஆகியோர் அவருடைய ஆசிரியர்கள். இயற்பியலும் தாவரவியலும் ஒரே மாணவனிடம் சேர்ந்தது தற்செயல்தான். ஆயினும் பின்னால் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது அதை வெறும் தற்செயல் என்று கடந்துபோக மனம் வருவதில்லை.

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் தற்காலிக இயற்பியல் பேராசிரியரானார். ஒரே பணிக்கு ஆங்கிலேயர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு வழங்கப்பட்டது. தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதி. போஸ் வாதாடவில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் பாடம் நடத்தினார்; ஊதியத்தை மட்டும் தொடவில்லை. இறுதியில் அரசு இறங்கி வந்து, பின்தேதியிட்டு முழு ஊதியத்தையும் வழங்கியது. அந்தத் தொகை தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது. ஊரார் நன்மைக்கெனத் தொடங்கிய தொழில்களில் இழந்து கடன்பட்டவர் பகவான் சந்திரர்.

இந்த வறுமைக் காலத்தில், 1887இல், அபலா அவருக்கு வாழ்க்கைத் துணையானார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்ததால், வங்க அரசின் உதவித்தொகையுடன் சென்னை வந்து மருத்துவம் பயின்றவர் அபலா. உடல்நலம் குன்றியதால் படிப்பை முடிக்க இயலவில்லை.

இயற்பியலிலிருந்து இலைக்கு

1894இல், தமது முப்பத்தாறாவது பிறந்த நாளில், எஞ்சிய வாழ்வை ஆராய்ச்சிக்கு அர்ப்பணிப்பதென்று போஸ் உறுதி பூண்டார். கல்லூரியில் ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சிற்றறையில், தகரக் கொல்லர் ஒருவரைப் பழக்கித் தமக்கு வேண்டிய கருவிகளைச் செய்வித்துக்கொண்டார். மறு ஆண்டே மின்காந்த அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, தொலைவில் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்து காட்டினார். அவர் கையாண்ட அலைகள் சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. காப்புரிமை பெற அவருக்கு விருப்பமில்லை. சாரா புல் அம்மையாரும் சகோதரி நிவேதிதையும் வற்புறுத்தியதால் ஒரே ஒரு கருவிக்கு 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது.

அலைகளை உணரும் அந்தக் கருவியே அவரை வேறு பாதைக்குத் திருப்பியது. தொடர்ந்து வேலை செய்த உலோகம் சோர்வதையும், ஓய்வளித்தால் மீள்வதையும் அவர் கண்டார். தசையின் இயல்பு உலோகத்தில் ஓரளவு தென்படுமானால், இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் செடியில் அது எவ்வாறு இருக்கும்? 1900இல் பாரீஸில் கூடிய இயற்பியல் மாநாட்டில் இக்கருத்தை அவர் முன்வைத்தபோது சுவாமி விவேகானந்தர் அந்நகரில் இருந்தார். அடிமைப்பட்ட நாட்டின் மகன் ஒருவன் அறிஞர் அவையில் நிமிர்ந்து நின்றதில் சுவாமிஜி கொண்ட பெருமிதம் அவருடைய பயணக் கட்டுரையில் பதிவாகியுள்ளது.

மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் நிலைமை வேறாக இருந்தது. சாதாரணச் செடிகளும் தூண்டுதலுக்கு மின்துடிப்பால் பதிலளிக்கின்றன என்று போஸ் செய்து காட்டினார். உடலியல் துறையின் மூத்தவரான பர்டன் சாண்டர்சன், போஸ் தம் இயற்பியலோடு நின்றுகொள்வதே நல்லது என்னும் கருத்துப்படப் பேசினார். கட்டுரை அச்சேறாமல் ஆவணக் காப்பறைக்குச் சென்றது. இந்தியா திரும்பியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். போஸ் இங்கிலாந்திலேயே தங்கிப் போராடினார். ரவீந்திரநாத் தாகூரின் முயற்சியால் திரிபுரா மன்னர் பொருளுதவி செய்தார். பழைய ஆசிரியர் வைன்ஸ் 1902இல் லின்னேயன் சொசைட்டியில் அவருக்கு மேடை அமைத்துக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வந்தன. அவற்றின் கையெழுத்துப் படிகளைச் செம்மை செய்வதில் நிவேதிதை இரவு பகலாக உழைத்தார். 1911இல் டார்ஜீலிங்கில் போஸ் தம்பதியரின் பராமரிப்பில் இருந்தபோதே அவருடைய உயிர் பிரிந்தது.

மரம் எழுதிய கோடு

இனி ஃபரீத்பூர் மரத்துக்குத் திரும்பலாம்.

இரவும் பகலும் கருவி மரத்தின் அசைவைக் கோடாக வரைந்தது. முதலில் வெளிப்பட்ட உண்மை, மரம் அந்தியில் மட்டும் வணங்கவில்லை என்பது. அது ஒரு கணமும் ஓய்ந்திருக்கவில்லை. காலையில் உச்ச நிலையை அடைந்து, அப்போதிருந்தே சிறிது சிறிதாகத் தாழத் தொடங்கி, பிற்பகலில் மிகத் தாழ்ந்த நிலையை எட்டி, அதன்பின் மெல்ல மெல்ல எழுந்தது. கூட்டம் கூடும் நேரத்தில் மரம் தாழ்ந்த நிலையில் கிடந்ததால் அதை மணியோசையோடு மக்கள் இணைத்துக்கொண்டனர்.

காரணம் ஒளியா, வெப்பமா? போஸ் அவ்விடத்து வெப்பநிலையையும் நாள் முழுதும் பதிவு செய்து, இரு கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். வெப்பம் ஏற ஏற மரம் தாழ்ந்தது. வெப்பம் தணியத் தணிய நிமிர்ந்தது. விடியற்காலைக் குளிரின் எல்லையை அடுத்து மரத்தின் உச்ச நிலை. பிற்பகல் வெயிலின் உச்சத்தை அடுத்து அதன் தாழ்நிலை. பருத்த மரம் சூடாகவும் குளிரவும் சற்று நேரம் பிடிக்கும் அல்லவா? அந்தச் சிறு தாமதமும் கோட்டில் தெளிவாகத் தெரிந்தது.

இரும்புத் தண்டவாளம் வெயிலில் நீள்வதைப் போன்ற வெறும் பௌதிக மாற்றமாக இது இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அக்கேள்விக்கு மரமே விடை தந்தது. சில காலம் கழித்து, மரம் பட்டுப்போயிற்று, அதன் அசைவும் நின்றுவிட்டது என்ற செய்தி போஸுக்கு வந்தது. வெயிலும் குளிரும் முன்போலவே வந்து போயின. மரம் மட்டும் அசையவில்லை. ஆகவே அந்த வணக்கம் உயிரின் செயலே என்று அவர் முடிவு கண்டார். சாய்ந்த தண்டு புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கி வளைய முயல்கிறது; வெப்பம் அம்முயற்சியைத் தளர்த்துகிறது, குளிர் அதற்கு வலிமை தருகிறது என்பது அவருடைய விளக்கம். மற்ற மரங்களிலும் செடிகளிலும் கருவியைப் பொருத்திப் பார்த்தார். கண்ணுக்குப் புலப்படாத அளவில் அங்கும் அதே தினசரி ஏற்ற இறக்கம் இருந்தது. 1918இல் வெளியான தமது ஆய்வுத் தொகுதியில் இவற்றை விரிவாக எழுதினார்.

தொழுகண்ணியும் செவ்வந்தியும்

வெப்பம் செடியின் உயிர்த் துடிப்பை மாற்றுகிறது என்பதைப் போஸ் முன்பே கண்டிருந்தார். நம் நாட்டில் தொழுகண்ணி என்று வழங்கும் சிறு செடியின் பக்கவாட்டுக் குற்றிலைகள், யாரும் தொடாமலே, சில நிமிடங்களுக்கு ஒரு முறை எழுந்து தாழும். கை தட்டினால் அது ஆடும் என்று வங்கத்துக் கிராமங்களில் நம்பினர். போஸ் அந்தத் துடிப்பைப் புகை படிந்த கண்ணாடித் தகட்டில் பதிவு செய்தார். சூடு ஏறினால் துடிப்பு விரைந்தது, வீச்சு குறைந்தது. குளிரூட்டினால் துடிப்பு மெதுவாகி ஒரு கட்டத்தில் நின்றே போயிற்று. தவளையின் இதயமும் இவ்வாறே நடந்துகொள்வதை ஒப்பிட்டுக் காட்டினார்.

இந்த ஒப்புமை அவர் மனத்தில் வேரூன்றியது. மரத்தின் உச்சிக்கு நீர் எவ்வாறு ஏறுகிறது என்பது அந்நாளில் பெரும் வினா. செடியிலும் இதயம் போன்ற ஒன்று துடித்து நீரை மேலே தள்ளுகிறதோ என்று போஸ் எண்ணினார். வாடித் துவண்ட செவ்வந்தித் தண்டை நீரில் வைத்தால் அது நிமிர்கிறது. நிமிரும் வேகமே நீர் ஏறும் வேகத்துக்கு அளவுகோல். நீரை வெதுவெதுப்பாக்கினால் ஏற்றம் விரைந்தது; குளிர்வித்தால் தளர்ந்தது. நஞ்சு கலந்தால் தடைப்பட்டது. இலைகளிலிருந்து நீராவி வெளியேறாதபடி வாசலின் பூசி அடைத்தபோதும் நீர் ஏறியது. நுண்ணிய மின்முனை ஒன்றைத் தண்டினுள் சிறிது சிறிதாகச் செலுத்தியபோது, புறணியின் உள்ளடுக்கைத் தொட்டதும் மின்துடிப்பு தென்பட்டது. அங்கேதான் செடியின் இதயம் அடுக்கடுக்காகப் பரவியிருக்கிறது, அந்த உயிரணுக்கள் சுருங்கி விரிந்து நீரை மேலேற்றுகின்றன என்று 1923இல் சாறேற்றம் குறித்த தனி நூலில் எழுதினார்.

இந்தக் கோட்பாடு நிலைக்கவில்லை. இதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஜெர்மானிய அறிஞர் ஸ்ட்ராஸ்பர்கர் 1891லேயே இருபது மீட்டருக்கும் உயரமான மரங்களை அறுத்து நச்சுக் கரைசலில் நிறுத்தினார். வழியிலிருந்த உயிரணுக்கள் மடிந்தன. கரைசல் தொடர்ந்து உச்சி வரை ஏறியது. டப்ளின் நகரில் டிக்சனும் ஜோலியும் 1894இல் மாற்று விளக்கம் தந்தனர். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, சைலம் எனும் மெல்லிய குழாய்களிலுள்ள நீர்த்தம்பம் முழுவதும் மேலிருந்து இழுக்கப்படுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் தம்பம் அறுபடுவதில்லை. அந்தக் குழாய்கள் உயிரற்றவை. போஸ் சொன்ன துடிப்பைப் பிறர் தேடியும் உறுதிப்படுத்த இயலவில்லை. இன்று பாடநூல்கள் டிக்சன் வழியையே கற்பிக்கின்றன.

அவ்வாறாயின் செவ்வந்தியின் பதிவுகள் பொய்யா? அல்ல. வெப்பம் ஏற்றத்தை விரைவுபடுத்துகிறது, குளிர் தடுக்கிறது என்ற அளவீடு மெய். அதற்கான காரணம் வேறு. பூஜ்ஜியம் டிகிரியில் நீருக்குள்ள பாகுத்தன்மை 25 டிகிரியில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. இளகிய நீர் நுண்குழாயில் எளிதாகச் செல்கிறது. வாடிய தண்டின் அணுக்கள் நீருக்கு ஏங்கி நிற்பதால், இலையை அடைத்தாலும் அவை நிறையும் வரை நீர் ஏறத்தான் செய்யும். முழுச் செடியில் மேலும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. காற்று 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சூடேறினால் அது கொள்ளக்கூடிய நீராவி ஏறக்குறைய எண்பது சதவீதம் கூடுகிறது. இலையின் மீதான இழுவை அதற்கேற்ப வளர்கிறது. வேரிலோ நீர் உயிருள்ள அணுக்களைக் கடந்தாக வேண்டும். அவற்றின் சவ்வுகளில் நீர் செல்வதற்கென்றே புரத வாயில்கள் உள்ளன. மண் குளிர்ந்தால் அந்த வழி இறுகுகிறது. புகையிலை, பூசணிச் செடிகளின் வேரைக் குளிர்வித்தால், மண்ணில் ஈரம் நிறைந்திருந்தும் அவை வாடுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜூலியஸ் சாக்ஸ் கண்டிருந்தார். குளிர்காலத்தில் தொட்டிச் செடிக்குச் சில்லென்ற நீரை ஊற்றும் அன்பர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

உயிரணுக்களுக்கு இதில் பங்கே இல்லை என்றும் கூற முடியாது. வேரின் வாயில்களைத் திறந்து மூடுவதும், இலைத்துளைகளை ஆள்வதும் அவையே. மரத்தின் அடித்தண்டு பகலில் சற்றே சுருங்கி இரவில் நிறைவதை இன்று நுண்கருவிகளால் அளக்கின்றனர். ஃபரீத்பூர் மரத்தை இன்று ஆராய்பவர் எவரும் வெப்பத்தோடு இந்த நீர்க்கணக்கையும் சேர்த்தே பார்ப்பர். செடிகளில் மின்துடிப்பு பரவுகிறது என்று 1901இல் போஸ் சொன்னதும், லண்டன் அறிஞர்கள் ஏற்க மறுத்ததும், இன்று ஐயத்துக்கு இடமில்லாத உண்மை.

பிற்காலம்

1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தமது பிறந்த நாளில், போஸ் ஆராய்ச்சி நிலையத்தைக் கல்கத்தாவில் தொடங்கினார். வாழ்நாள் சேமிப்பை அதில் இட்டார். வஜ்ராயுதம் அதன் சின்னம். முகப்பில் விளக்கேந்தி நடக்கும் பெண்ணின் சிற்பம் நிவேதிதையின் நினைவாக அமைந்தது. செடியின் வளர்ச்சியைப் பல இலட்சம் மடங்கு பெருக்கிக் காட்டும் அவருடைய கிரெஸ்கோகிராஃப் கருவியைச் சிலர் நம்ப மறுத்து நாளிதழில் அறைகூவல் விடுத்தனர். 1920இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறிஞர் குழுவின் முன் அவர் அதை இயக்கிக் காட்டினார். கருவி சொல்வது மெய்யே என்று அவர்கள் அதே நாளிதழில் கையொப்பமிட்டு எழுதினர். அந்த ஆண்டிலேயே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கட்டுரையைக் காப்பறையில் இட்டதும் அதே சங்கம்தான்.

1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரீதியில் போஸ் காலமானார். எழுபத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு வாரம் எஞ்சியிருந்தது. நிலையத்தின் பொறுப்பு அவருடைய சகோதரி மகன் தேவேந்திர மோகன் போஸிடம் வந்தது. அவரிடம் ஆய்வு செய்த விபா சௌத்ரி என்ற அம்மையார், இமயமலைச் சரிவில் புகைப்படத் தகடுகளை வைத்து விண்கதிர்களைப் பதிவு செய்தார். பின்னாளில் கோலார் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் நிகழ்ந்த விண்கதிர் ஆய்வுகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. அபலா அம்மையார் கணவர் மறைந்தபின் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பெண் கல்விக்கும் கைம்பெண்களின் மறுவாழ்வுக்கும் உழைத்து, 1951இல் மறைந்தார்.